அட்டையில் இல்லாத வாக்கியம்

"குஞ்சுத் தீவனம், மருந்து கலந்ததா, கலக்காததா?" குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றபடி டெல் கேட்டான்.

"கலக்காதது. போன வருஷமும் இதையேதான் கேட்டே. கேட்டுட்டு கலந்ததைத் தூக்கிட்டு வந்தே." பல் துலக்கும் நுரையோடு வெர்னா சொன்னாள்.

"மூட்டை ரெண்டும் ஒரே நிறம்டி. எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் போ."

"போட்டா கிழவன் மாதிரி இருக்கேன்னு ஏமஸ் கேலி பண்றான்."

"போடாட்டியும் அப்படித்தான் இருக்கே."

கதவுக்கு அந்தப் பக்கம் அவன் சிரித்தான். வெர்னா வெளியே வந்தபோது அவன் சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு துப்பாக்கி உறை கோத்த இடுப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் கைக்கடிகாரம் கட்டுவதுபோல அவன் அந்த ரிவால்வரைக் கட்டுவான். பாம்புக்காக என்று வாங்கியது. இருபது வருடத்தில் மூன்று முறை சுட்டிருக்கிறான். இரண்டு விரியன்கள், மூன்றாவது, தோட்டத்து ரப்பர்க் குழாய். அந்தக் குழாயின் கதையை ஏமஸ் பிளெட்சோ தன் தீவனக் கடைக்கு வரும் புதியவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

ஐந்தரைக்கு அவள் கிளம்பினாள். ஆறு மணிக்கு வேலை. அவர்கள் பேசிய கடைசிப் பேச்சு கோழிக்குஞ்சுத் தீவனத்தைப் பற்றியது. வேறு ஏதாவது பேசியிருக்கலாம் என்று பிற்பாடு அவளுக்குத் தோன்றியதில்லை. அவர்கள் எப்போதும் அப்படித்தான் பேசினார்கள்.

அவசர அழைப்பு மையம் கவுண்டி, அதாவது மாவட்ட, நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. இரண்டு நாற்காலிகள். ஒன்றில் வெர்னா, பத்தொன்பது வருடமாக. இன்னொன்றில் லோயிஸ். ஒவ்வொரு திரைக்கும் பக்கத்தில் பிளாஸ்டிக் உறையிட்ட ஓர் அட்டை நின்றது. அது வந்த கதை ஊருக்கே தெரியும்.

முந்தைய இலையுதிர் காலத்தில் முடிதிருத்தும் கடை கார்லண்ட் பிரூயிட்டும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் சனிக்கிழமைதோறும் தோளில் ரைஃபிள் மாட்டிக்கொண்டு கடைத்தெருவில் நடக்க ஆரம்பித்தார்கள். அந்த மாநிலத்தில் அது குற்றமில்லை. யாரையும் எதுவும் செய்யமாட்டார்கள். எதிரே வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்வார்கள். வழக்கம் இருந்தால்தான் உரிமை இருக்கும் என்பார்கள். பயந்தவர்கள் அவசர எண்ணான 911-க்குக் கூப்பிட்டார்கள். ஒருமுறை ரோந்துப் போலீஸ் போய் ஒருவரின் அடையாள அட்டையைக் கேட்கப்போக, அவர் அந்த விசாரணையைப் போனில் படம் பிடித்தார். அடுத்த வாரம் கவுண்டிக்கு வக்கீல் கடிதம் வந்தது. கவுண்டிப் போலீஸின் தலைவரான ஷெரிஃப் ஹோபார்ட் கின்னி அன்று மாலையே உட்கார்ந்து அட்டையைத் தட்டச்சு செய்தார். மூன்று கேள்விகள். கையில் பிடித்திருக்கிறாரா, தோளில் மாட்டியிருக்கிறாரா? யாரையாவது குறி பார்க்கிறாரா? யாரையாவது மிரட்டுகிறாரா? தோளில்தான் என்றும், மற்ற இரண்டுக்கும் இல்லை என்றும் பதில் வந்தால் சொல்ல வேண்டிய வாக்கியம் கீழே: 'இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. ஏதாவது மாறினால் மறுபடி அழையுங்கள்.' ஆள் அனுப்ப வேண்டாம்.

அக்டோபரிலிருந்து அப்படிப் பதினேழு அழைப்புகளை வெர்னா எடுத்திருந்தாள். பதினேழிலும் ஒன்றும் நடக்கவில்லை. காய்ச்சல் குழந்தையிடம் பேசுவதுபோல ஒரு குரல் அவளுக்கு அதற்கென்றே அமைந்துவிட்டது.

ஏப்ரல் மாதத்தின் அந்தச் சனிக்கிழமை, ஒன்பது நாற்பத்திரண்டுக்குப் பதினெட்டாவது அழைப்பு வந்தது.

"மேடம், நான் ட்ரெஸ்ஸா வோகல். மில் ரோடு சலவைக் கடையிலேர்ந்து பேசறேன். இங்க ஒரு ஆள் ரைஃபிளோட நடந்து வரான்."

"கையில வச்சிருக்காரா, தோள்லயா?"

"தோள்ல. வார் போட்டிருக்கு."

"யாரையாவது குறி பார்க்கிறாரா?"

"இல்ல. ஆனா மேடம், இவன் அந்தச் சனிக்கிழமை ஆளுங்க மாதிரி இல்ல. அவங்க கூட்டமா வருவாங்க, சிரிச்சுப் பேசிக்கிட்டு வருவாங்க. இவன் தனியா வரான். யாரையும் பார்க்க மாட்டேங்கிறான்."

"யாரையாவது மிரட்டினாரா?"

"இல்ல."

வெர்னா அட்டையின் வாக்கியத்தைச் சொன்னாள். மறுமுனையில் மூச்சு வாங்கும் சத்தம். பின்னால் உலர்த்தும் இயந்திரத்தில் பொத்தான்கள் உருளும் சத்தம்.

"எதிர்த்தாப்ல தீவனக் கடைப் பக்கம் போறான். நான் கடைக்குப் போன் பண்ணிச் சொல்லட்டுமா? கதவைப் பூட்டிக்கச் சொல்லட்டுமா?"

இந்தக் கேள்விக்கு அட்டையில் பதில் இல்லை. டெல் இந்நேரம் அங்கேதான் இருப்பான் என்று வெர்னா நினைத்தாள். அது அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அவன் இடுப்பிலும் ஒன்று தொங்குகிறது. அவனைப் பார்த்து இதுவரை யாரும் 911-க்கு அழைத்ததில்லை. துப்பாக்கியைப் பார்த்ததும் கதவைப் பூட்டிக்கொள்கிற ஊராக இது எப்போது ஆனது என்று லேசான எரிச்சல் வந்தது.

"அதெல்லாம் வேண்டாம் மேடம்," என்றாள். "சனிக்கிழமை, கடை நிறைய ஜனம் இருக்கும். வீணா யாரையும் பயமுறுத்தாதீங்க."

"சரி மேடம்," என்றாள் ட்ரெஸ்ஸா. தப்பு செய்து பிடிபட்டவள்போல அவள் குரல் தணிந்துவிட்டது.

நான்கு நிமிடம் கழித்து அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. இந்த முறை ட்ரெஸ்ஸா எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சத்தம் கேட்டது.

வெர்னா தன் வேலையைச் செய்தாள். ரோந்து வண்டி பதினான்கு மைலுக்கு அப்பால் இருந்தது, அதைத் திருப்பினாள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். ட்ரெஸ்ஸாவைத் தரையில் படுக்கச் சொன்னாள், துவைக்க வந்தவர்களைப் பின்கட்டுக்கு அனுப்பச் சொன்னாள். அதற்குள் எல்லா விளக்குகளும் மின்ன ஆரம்பித்தன. பதினொரு அழைப்புகளை எடுத்தாள். ஒவ்வொருவரிடமும் கடைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். வழக்கமான நடைமுறைப்படி கேட்க வேண்டிய கேள்விதான் அது.

பத்தேகாலுக்கு ரேடியோவில் ரஸ்க் வந்தான். ரோந்துப் பையன்களில் மூத்தவன். டெல்லோடு மீன் பிடிக்கப் போகிறவன்.

"சுட்டவன் செத்துட்டான். தன்னைத்தானே சுட்டுக்கிட்டான். கடைக்குள்ள மூணு பேர்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். "வெர்னா, லோயிஸ் பக்கத்துல இருக்காங்களா? ரேடியோவை அவங்ககிட்ட குடுங்க."

அவள் ரேடியோவைக் கொடுத்தாள். தலையில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பிறகு அதன் ஒயரை எப்போதும்போலச் சுற்றினாள்.

டெல், ஏமஸ் பிளெட்சோ, முயல் கூண்டு வாங்க வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர்: ஆக மூன்று பேர். ஏமஸின் மனைவி ஐனா பின்பக்கக் கிடங்கில் இருந்ததால் பிழைத்தாள். கடைக் காமிராவில் பதிவானதை ஹோபார்ட் வந்து சொன்னார். சொல்லாமலிருக்க அவரால் முடியவில்லை.

"டெல் வாசல்கிட்ட நின்னுக்கிட்டிருந்தார். அவன் வரதைப் பார்த்தார். ரைஃபிளையும் பார்த்திருக்கார். பார்த்துட்டு..." ஹோபார்ட் தொப்பியைச் சுழற்றினார். "கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டார், வெர்னா. அவன் உள்ள போறதுக்கு. தலையாட்டி ஏதோ சொன்னார். 'குட் மார்னிங்'னு நினைக்கிறேன்."

"துப்பாக்கி உறை?"

"பட்டன் போட்டபடியே இருந்துச்சு."

எதிரே ஆள் வந்தால் கதவைத் திறந்து பிடிக்காமல் டெல் போனதை வெர்னா பார்த்ததே இல்லை.

அதன்பின் வீட்டுக்குச் சாப்பாடு வர ஆரம்பித்தது. பீன்ஸும் காளானும் வெந்த கண்ணாடித் தட்டுகள், கோழிக் குழம்பு, அடுப்பில் சுட்ட பூசணி இனிப்பு. ஒவ்வொரு தட்டின் அடியிலும் காகித ஒட்டுநாடாவில் கொடுத்தவர் பெயர். துப்பாக்கிக்காரர்கள் வீட்டுத் தட்டும் துப்பாக்கி வேண்டாம் என்பவர்கள் வீட்டுத் தட்டும் அவளுடைய குளிர்பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. எதையும் அவளால் சாப்பிட முடியவில்லை. தட்டுகளைக் கழுவித் திருப்பிக் கொடுத்ததுதான் அந்த மாதம் அவள் செய்த வேலை.

கார்லண்ட் தன் மனைவியின் தட்டை வாங்க வந்தார். முதல்முறையாகத் துப்பாக்கி இல்லாமல் அவரைப் பார்த்தாள்; பெல்ட்டில் உறை உரசிய இடம் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது.

"அவன் எங்க ஆள் இல்ல, வெர்னா. சத்தியமா ஒரு நாளும் எங்களோட நடந்ததில்ல."

"தெரியும்."

"ஊரே எங்களைக் கொலைகாரங்க மாதிரி பார்க்குது."

"தூரத்துலேர்ந்து பார்த்தா அவனும் உங்க ஆள் மாதிரிதான் இருந்தான், கார்லண்ட். கிட்ட வந்தப்புறம்தான் வித்தியாசம் தெரிஞ்சுது."

அவர் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "தட்டு சுத்தமா இருக்கு. ரொம்ப நன்றி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் அவளை உறங்கவிடாமல் செய்தது கார்லண்ட் இல்லை. ட்ரெஸ்ஸா. முதல் வாரத்திலேயே அவள் தொலைக்காட்சிக்காரர்களிடம் சொல்லிவிட்டாள்: 'கடைக்குச் சொல்லட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னாங்க.' ஷெரிஃப் அலுவலகம் ஒரே வரியில் பதில் கொடுத்தது: பணியிலிருந்தவர் அட்டையில் உள்ளபடி நடந்துகொண்டார். எந்தப் பணியாளர் என்பதை அலுவலகம் சொல்லவில்லை. ஆனாலும் கீழ்த்தள அறையில் அன்று இருந்தவர்கள் இருவர்தான் என்பது ஊருக்குத் தெரியும். கணவனைப் பறிகொடுத்தவள் மேல் பழி போட ஊர் தயாராக இல்லை. அட்டையில் அப்படி ஒரு வாக்கியம் இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே ட்ரெஸ்ஸாதான் பொய் சொல்கிறாள், காமிராவுக்கு ஆசைப்பட்டவள், பயத்தில் ஓடி ஒளிந்துகொண்டு இப்போது கதை கட்டுகிறாள் என்றெல்லாம் பேச்சு. ஒரு நாள் காலை சலவைக் கடைக் கண்ணாடியில் யாரோ சிவப்புச் சாயத்தில் 'பொய்க்காரி' என்று எழுதியிருந்தார்கள். வெர்னா காரில் போகும்போது அதைப் பார்த்தாள். ட்ரெஸ்ஸா ஒரு சுரண்டியால் எழுத்து எழுத்தாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

வெர்னா நேரே ஹோபார்ட்டிடம் போனாள்.

"அந்தப் போன் பதிவை வெளியிடுங்க."

"விசாரணை முடியல. முடிஞ்சாலும் நான் விடறதா இல்ல." அவர் கதவைச் சாத்தினார். "கேட்டவங்க நானும் கவுண்டி வக்கீலும் மட்டுந்தான். நீங்க ஏற்கெனவே இழந்தது போதாதா?"

"ஐனாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? ஏமஸ் எழுந்து வரப் போறாரா?"

"அந்தப் பொண்ணு கடையில எழுதியிருக்காங்க, ஹோபார்ட்."

"சாயம் போயிடும்," என்றார் அவர்.

ஜூன் மாதம் கவுண்டி ஆணையர்கள் மூவரும் பொதுக் கூட்டம் கூட்டினார்கள். துப்பாக்கி பற்றிச் சட்டம் போட கவுண்டிக்கு அதிகாரம் கிடையாது. அது மாநிலத்தின் வேலை. கவுண்டியின் கையில் இருந்தது அந்த அட்டை மட்டுமே. இனி ரைஃபிள் என்று யார் அழைத்தாலும் ஓர் ஆளை அனுப்ப வேண்டும் என்று அட்டையை மாற்றலாமா, கூடாதா? மாடி மண்டபத்தில் நாற்காலி போதாமல் சுவரோரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். பாதிப்பேர் இடுப்பில் துப்பாக்கி இருந்தது. மீதிப்பேர் அதைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டார்கள்.

கார்லண்ட் முதலில் பேசினார். "நான் நல்லவன், கெட்டவன்னு எதுவும் சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பயந்தவங்க போன் பண்ணி, பயந்த போலீஸ்காரன் வந்து எறங்கினா, அங்க சாகப் போறது யாரு? வேட்டைக்குப் போயிட்டு நடந்து வர எவனோ ஒருத்தன்."

"அப்ப நாங்க பயந்தா யாருக்குச் சொல்றது?" பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். "உன் முடிவெட்டுற கடைக்கா?"

சிலர் சிரித்தார்கள். "உன் தலையைப் பார்த்தா அங்க போய் ரொம்ப நாளாச்சு போலிருக்கே," என்று இன்னொருவன் சொல்ல, தலைமை ஆணையர் மேசையைத் தட்டினார்.

ட்ரெஸ்ஸா எழுந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் எழுதிய காகிதம் ஒன்று இருந்தது. நடந்ததை நடந்தபடியே சொன்னாள். "கடைக்குச் சொல்லட்டுமான்னு கேட்டேன்," என்னும் இடத்துக்கு வந்ததும் சுவரோரத்திலிருந்து ஒருவன், "டேப்பு எங்க? டேப்பைப் போட்டுக் காட்டு!" என்றான். "பொய்யி!" என்றான் வேறொருவன். ட்ரெஸ்ஸா ஷெரிஃபைப் பார்த்தாள். ஷெரிஃப் தரையைப் பார்த்தார். அவள் மீதியைப் படிக்காமல் காகிதத்தை நான்காக மடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அடுத்த பெயர் வெர்னாவுடையது. அவள் எழுந்ததும் மண்டபம் அடங்கியது. தொப்பிகள் கழன்றன. இரண்டு தரப்பும் அவளைத் தங்கள் பக்கம் என்று நினைத்திருந்தன. டெல் துப்பாக்கிக்காரன், டெல் துப்பாக்கியால் செத்தவன். இரண்டாவது வரிசையில் ஐனா பிளெட்சோ, கடைக்குப் போடும் அதே நீல அங்கியோடு உட்கார்ந்திருந்தாள். வெர்னாவைப் பார்த்துத் தைரியம் சொல்வதுபோலத் தலையசைத்தாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"அட்டையைப் பத்திப் பேசக் கூப்பிட்டீங்க," என்றாள் வெர்னா. "அட்டையை மாத்தியிருந்தா டெல் பிழைச்சிருப்பானான்னு எல்லாரும் என்கிட்ட கேக்கறீங்க. மாட்டான். ரஸ்க் பதினாலு மைல் தள்ளி இருந்தான். நாலு நிமிஷத்துல எந்த வண்டியும் வராது."

கார்லண்டின் ஆட்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"அவசரப்படாதீங்க, இன்னும் முடிக்கல. ட்ரெஸ்ஸா வோகல் பொய் சொல்லல. அந்தப் போனை எடுத்தது நான். அவங்க கேட்டாங்க. கடைக்குச் சொல்லட்டுமா, கதவைப் பூட்டிக்கச் சொல்லட்டுமான்னு கேட்டாங்க. நான் வேண்டாம்னு சொன்னேன். வீணா யாரையும் பயமுறுத்தாதீங்கன்னேன். அது அட்டையில இல்ல. ஹோபார்ட் எழுதிக் குடுக்கல. என் வாயிலேர்ந்து வந்தது." தண்ணீர்க் குவளையை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள். "ஏன் சொன்னேன்னு யோசிச்சுப் பார்த்தேன். பயப்படறவங்களைப் பார்த்து எனக்குச் சலிச்சுப் போச்சு. டெல் இருபது வருஷமா இடுப்புல மாட்டிக்கிட்டுத் திரிஞ்சான், நான் பயந்ததில்ல. அதனால வேற யாரும் பயப்படக் கூடாதுன்னு நினைச்சேன். பழக்கப்பட்டுட்டேன். இங்க எல்லாருக்கும் பழக்கப்பட்டுப் போச்சு. ரைஃபிளோட வந்தவனுக்கு டெல் கதவைத் திறந்து பிடிக்கிற அளவுக்கு."

அவள் இரண்டாவது வரிசைப் பக்கம் திரும்பினாள்.

"கதவு பூட்டியிருக்கணும், ஐனா," என்றாள் வெர்னா. "நாலு நிமிஷம் இருந்துச்சு."

ஐனா எழுந்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள். வரிசையில் இருந்தவர்கள் முழங்காலை ஒதுக்கி வழி விட்டார்கள். கதவு வரை நடந்து, திரும்பிப் பார்க்காமல் வெளியேறினாள். படியில் அவள் காலடிச் சத்தம் கடைசிவரை கேட்டது.

அதற்குப்பிறகு இன்னும் ஒன்பது பேர் பேசினார்கள். ஒருவரும் வெர்னாவின் பெயரை எடுக்கவில்லை. அவள் யாருக்கும் பயன்படாமல் போய்விட்டாள். வாக்கெடுப்பில் இரண்டுக்கு ஒன்று: அட்டை இருந்தபடியே இருக்கட்டும் என்று முடிவானது. ஹோபார்ட் அவளைக் கடந்து போகும்போது, "இதுக்கு என்ன அவசியம்?" என்றார் மெதுவாக. கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

வெளியே இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. நீதிமன்றப் படியில் ட்ரெஸ்ஸா உட்கார்ந்திருந்தாள். வெர்னா இரண்டு படி தள்ளி உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லுவீங்கன்னு நான் நினைக்கல," என்றாள் ட்ரெஸ்ஸா.

"ரெண்டு மாசம் லேட்டு."

"உங்களை ரொம்ப வெறுத்தேன், மேடம். உங்க வீட்டுக்காரர் செத்தது தெரிஞ்சும் வெறுத்தேன்."

"சரி."

"இப்பவும் கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும்மா."

கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கார்லண்ட் தன் வண்டியில் ஏறுமுன் இவர்கள் பக்கம் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். இருவருக்கும் சேர்த்தா, ஒருத்திக்கு மட்டுமா என்று தெரியவில்லை.

"இனிமே அந்த மாதிரி ஒருத்தன் வந்தா நான் என்ன பண்ணணும்?" ட்ரெஸ்ஸா கேட்டாள். "நெஜமாத்தான் கேக்கறேன். தினம் அந்த ஜன்னல்கிட்டதான் நிக்கறேன். தோள்ல மாட்டிக்கிட்டு யார் போனாலும் கை ஜில்லுனு ஆயிடுது. யாரு நல்லவன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பத்தொன்பது வருடமாக அந்நியர்களின் கேள்விக்குப் பதில் சொன்னவள் வெர்னா. யோசித்தாள்.

"கண்டுபிடிக்க முடியாது. முதல்ல எதிர்க் கடைக்குப் போன் பண்ணு. அப்புறம் எங்களுக்கு. யார் வேண்டாம்னு சொன்னாலும் கேக்காதே."

"கடை நம்பர் என்கிட்ட இல்ல. அன்னிக்கும் இல்ல. போன்ல தேடிக்கிட்டேதான் உங்ககிட்ட பேசினேன். நீங்க வேண்டாம்னதும் தேடறதை விட்டுட்டேன்."

வெர்னா எண்ணைச் சொன்னாள். எங்கும் பார்க்காமல், யோசிக்காமல் சொன்னாள். ஒவ்வொரு மார்ச்சிலும் குஞ்சு வந்துவிட்டதா என்று கேட்க அவள் கூப்பிடுகிற எண் அது. அந்தச் சனிக்கிழமை அவளே கூப்பிட்டிருக்கலாம். விரலுக்குப் பக்கத்திலேயே தொலைபேசி இருந்தது.

ட்ரெஸ்ஸா ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். "கடைசி நாலு?"

"நாலு, ஏழு, ஒண்ணு, ரெண்டு."

"கடைக்காரர் போனப்புறம் மாத்தியிருப்பாங்களோ?"

"இல்ல," என்றாள் வெர்னா. "அதே நம்பர்தான்."